மீனுக்குப் புரோலாக்டின் எதற்கு?

கேள்வி:
இளநிலை விலங்கியல் படிக்கிறேன். புரோலாக்டின் என்பது பால் சுரப்பைத் தூண்டும், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் ஹார்மோன் என்றே பள்ளி நாள் முதல் படித்திருக்கிறேன். எலும்பு மீன்களிலும் அது சுரக்கிறது என்கிறது பாடநூல். பால் சுரப்பியே இல்லாத உயிருக்கு அதனால் என்ன பயன்? பிற்காலத் தேவைக்காக முன்கூட்டியே தோன்றியது என்று கொள்ளலாமா?

பதில் 1:
அப்படிக் கொள்ள வேண்டாம். பரிணாமம் எதையும் முன்கூட்டிச் சேர்த்துவைப்பதில்லை. வட அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையோரக் கழிமுகங்களில் வாழும் ஃபண்டுலஸ் என்னும் சிறு மீன் கடல்நீரையும் நன்னீரையும் தாங்கக்கூடியது. பிட்யூட்டரியை அகற்றிவிட்டால் அது கடல்நீரில் பிழைத்துக்கொள்ளும், நன்னீரில் இறந்துவிடும். அவ்வாறு அகற்றப்பட்ட மீன்களுக்குப் புரோலாக்டினை ஊசிவழி செலுத்தினால் அவை நன்னீரிலும் உயிரோடிருக்கின்றன என்று ஆய்வாளர்கள் கிரேஸ் பிக்ஃபோர்டும் ஃபிலிப்ஸும் 1959இல் காட்டினர். நன்னீர் மீனின் இரத்தத்தில் சுற்றியுள்ள நீரைவிட உப்பு மிகுதி என்பதால் சோடியம் செவுள் வழியே ஓயாமல் கசிகிறது. அந்தக் கசிவைக் குறைப்பதுதான் அங்கே புரோலாக்டினின் முக்கிய வேலை. குழப்பம் பெயரில் இருக்கிறது. 1930களில், புறா தன் குஞ்சுகளுக்கு ஊட்டுவதற்காகத் தொண்டைக்குக் கீழுள்ள தீனிப்பையில் சுரக்கும் ‘பாலை’ வைத்துச் சூட்டிய பெயர் அது. புறாவுக்கும் பால் சுரப்பி கிடையாது என்பதைக் கவனியுங்கள்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் ஹார்மோன் அப்படியே இருக்க, பயன் மட்டும் மாறியது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஆட்டின் புரோலாக்டின் மீனில் வேலை செய்கிறது. எலும்பு மீனின் புரோலாக்டினோ புறாவின் தீனிப்பையில் பெரும்பாலும் பலிப்பதில்லை. நிலவாழ் முதுகெலும்பிகளின் புரோலாக்டினில் புரதத்தின் வடிவை இறுக்கிப் பிடிக்கும் டைசல்ஃபைடு பிணைப்புகள் மூன்று உண்டு, எலும்பு மீன்களில் மிகப் பெரும்பான்மையாக உள்ள ‘டெலியோஸ்ட்’ குழுவில் இரண்டே. நுரையீரல் மீனிலும் மூன்று இருப்பதால், டெலியோஸ்ட்கள் ஒன்றை இழந்துவிட்டன என்று கொள்வதே பொருத்தம். எனவே ‘கீழ்நிலை’ மீனில் இருப்பதெல்லாம் மூதாதை வடிவம் என்று எண்ணுவது தவறு.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. வளர்ச்சி ஹார்மோனுக்கும் இதற்கும் உறவு உண்டா?

பதில் 3:
உண்டு. ஒரே மூதாதை மரபணு இரட்டித்துப் பிரிந்து வந்த உடன்பிறப்புகள் இவை. மீன்களில் சொமட்டோலாக்டின் என்ற மூன்றாவதும் உண்டு. சால்மன் மீன் கடலுக்குச் செல்லும் பருவத்தில் வளர்ச்சி ஹார்மோனும் கார்ட்டிசோல் என்னும் மற்றொரு ஹார்மோனும் சேர்ந்து, உப்பை வெளியேற்றும் செவுள் செல்களை வளர்க்கின்றன. புரோலாக்டின் இதற்கு நேர் எதிர்த்திசையில் நன்னீருக்கு ஆயத்தப்படுத்துகிறது. நன்னீருடனான இந்தத் தொடர்பு இருவாழ்விகளிலும் தெரிகிறது: நிலத்தில் திரியும் இளம் நியூட்டுக்கு (பல்லி போன்ற உருவமுள்ள இருவாழ்வி)ப் புரோலாக்டினைச் செலுத்தினால், அது குளத்தைத் தேடித் திரும்பிவிடும்.