கமாண்டோவும் சிறப்புப் படையும் ஒன்றா?

தெம்பனிஸ் அம்மா: மகனுக்குத் தேசிய சேவையில் கமாண்டோ பிரிவு கிடைத்திருக்கிறது. 1991இல் கடத்தப்பட்ட சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எஸ்கியூ 117 விமானத்தை மீட்டவர்களோடுதான் இருப்பானா? பயமாக இருக்கிறது.

பழைய கமாண்டோ: இல்லைக்கா. சாங்கியில் அந்த விமானத்துக்குள் நுழைந்து, சுமார் 30 விநாடியில் கடத்தல்காரர்கள் நால்வரையும் வீழ்த்திப் பயணிகளைக் காப்பாற்றியது சிறப்பு நடவடிக்கைப் படை. அதில் இருப்பவர்கள் நிரந்தர வீரர்கள். தம்பி மற்றவர்களைப்போல் அடிப்படைப் பயிற்சிக்குத் தெக்கோங் தீவுக்குப் போகமாட்டான், நேரே கமாண்டோக்களின் ஹெண்டன் முகாம்தான். பாராசூட்டில் குதிக்கணும். கமாண்டோவின் அடையாளமான சிவப்புத் தொப்பியைப் பெற 72 கிலோமீட்டர் நடக்கணும். அதில் காலைவிட மனசுதான் முதலில் தளரும், பக்கத்தில் நடப்பவன்தான் இழுத்துக்கொண்டு போவான். அந்த நட்பு எனக்கு இன்னும் இருக்கிறது.

தெம்பனிஸ் அம்மா: நன்றி தம்பி. இப்போதே என்ன செய்யட்டும்?

பழைய கமாண்டோ: ஓடச் சொல்லுங்க, புல்-அப் எடுக்கச் சொல்லுங்க. வலி இருந்தால் மறைக்காமல் மருத்துவ அதிகாரியிடம் சொல்லணும். இது ரொம்ப முக்கியம்க்கா.