அம்பாசிடருக்கு கிராங்க் சென்சார் வைத்து எலக்ட்ரானிக் இக்னிஷன்: மலையில் சரிப்படுமா?

கோத்தகிரி அம்பி:

வணக்கம். வீட்டில் 1489 சிசி பெட்ரோல் அம்பாசிடர் ஒன்று இருக்கிறது. துடைத்துப் பார்வைக்கு நிறுத்தி வைத்த வண்டி இல்லை. அரவேணுவிலிருந்து கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் தினமும் ஓடுகிறது, அவ்வப்போது மேட்டுப்பாளையமும் இறங்கும்.

தொல்லை டிஸ்ட்ரிபியூட்டரில், அதாவது ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் சுழல் பாகத்தில். ரோட்டரைப் பிடித்து ஆட்டினால் பக்கவாட்டில் ஆடுகிறது, புஷ் தேய்ந்துவிட்டது. காயிலின் மின்சாரத்தை வெட்டிவிடும் பாயிண்டின் கேப்பை 0.38 மி.மீ. வைத்தால் கொஞ்ச நாளில் தானாக மாறிவிடுகிறது. டைமிங் லைட் அடித்தால் புல்லியில் இருக்கும் குறி ஓரிடத்தில் நிற்காமல் நாலைந்து டிகிரி குதிக்கிறது. ஐப்பசி மழையில் மூடிக்குள் ஈரம் கோத்துக்கொண்டால் கேட்கவே வேண்டாம், மூன்று சிலிண்டரில்தான் வீடு வந்து சேரும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஊட்டியில் ஒருவர் ‘இழுவை நன்றாக வரும்’ என்று அட்வான்ஸை, அதாவது ஸ்பார்க் முன்கூட்டியே விழும் அளவை, கூட்டி வைத்தார். மேலே உண்மையிலேயே நன்றாக ஓடியது. கீழே போய்விட்டு குன்னூர் வழியாகத் திரும்பினால் மலையடிவாரக் கல்லாரிலேயே எஞ்சின் தட்ட ஆரம்பித்துவிட்டது.

பாயிண்டுக்குப் பதிலாக டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே உட்காரும் எலக்ட்ரானிக் மாடுல் போடலாமா, இல்லை கிராங்க் புல்லியில் 36-1 பல் சக்கரம் (36 பல்லுக்கான இடத்தில் ஒன்று மட்டும் இல்லாதது) மாட்டி, அர்டுயினோ போர்டில் ஓடும் எஞ்சின் கணினியான ஸ்பீடுயினோவுக்கே போய்விடலாமா? சக்கரத்தை கோவையில் லேசரில் வெட்டித் தருவார்கள். அதைப் புல்லியில் எப்படிப் பிடிப்பது என்பதுதான் புரியவில்லை.

சேரிங்கிராஸ் டாக்ஸி:

அண்ணா, இத்தனை வருஷம் பாயிண்டிலேயே ஊட்டி முழுக்க டாக்ஸி ஓடவில்லையா? புஷ் மாற்றுங்கள், நல்ல மூடி போடுங்கள், ஒரு ஃபில்லர் கேஜும் எமரித் துண்டும் வண்டியில் கிடக்கட்டும். பாயிண்ட் கெட்டால் ரோட்டோரத்தில் நின்று சரிசெய்யலாம். போர்டு கெட்டால் கட்டி இழுக்க வேண்டியதுதான்.

வெலிங்டன் டர்னர்:

டாக்ஸித் தம்பி சொல்வதில் பாதி சரி. ஆனால் கல்லாரில் தட்டுகிறதே, அது புதுப் புஷ் போட்டாலும் போகாது. ஏன் என்று சொல்கிறேன்.

டிஸ்ட்ரிபியூட்டரில் அட்வான்ஸை மாற்றும் வாக்குவம் டப்பாவுக்கு வெளிக்காற்றுக்கும் மேனிஃபோல்டுக்கும் (எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய்) உள்ள அழுத்த வித்தியாசம் மட்டும்தான் தெரியும். மேட்டுப்பாளையத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய 97 கிலோபாஸ்கல். 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் அது 77தான். ஆக்சிலேட்டரை லேசாக மிதித்து மேனிஃபோல்டில் 50 இருக்கிறது என்று வையுங்கள். கீழே டப்பாவுக்குக் கிடைக்கும் இழுப்பு 47, மேலே வெறும் 27. சிலிண்டருக்குள் போகிற சரக்கு கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் மேலே அட்வான்ஸ் குறைந்து ஸ்பார்க் தாமதமாக விழுகிறது. அதைச் சரிக்கட்டத்தான் உங்கள் மெக்கானிக் மொத்தமாகத் திருப்பி வைத்தார். கீழே அடர்த்தியான காற்றில் ஃபுல் லோடில் ஏறும்போது அந்தத் திருப்பல் அதிகப்படி, அதனால் தட்டுகிறது. ஸ்பீடுயினோவில் வரும் மேப் சென்சார் மேனிஃபோல்டின் முழு அழுத்தத்தை நேரடியாக அளக்கும். எந்த உயரத்தில் நின்றாலும் 50 என்றால் 50தான். ஏறி இறங்கும் ஊர்க்காரனுக்கு இந்த வேலையில் உள்ள லாபமே இதுதான் என்பேன். பளிச்சென்ற ஸ்பார்க் எல்லாம் அப்புறம்.

மாடுல் போட்டால் பாயிண்ட் தேய்வது நிற்கும், அவ்வளவுதான். தண்டின் ஆட்டம் அப்படியே இருக்கும். அந்தத் தண்டு கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால் அங்கே 2 டிகிரி பிசகினால் கிராங்கில் 4 டிகிரி. போதாததற்கு செயின், கேம், கியர் என்று நடுவில் எத்தனை தொய்வு!

சரி, சக்கரத்துக்கு வருவோம். 5 மி.மீ. மைல்டு ஸ்டீலில் வெட்டச் சொல்லுங்கள். துருப்பிடிக்காது என்று ஸ்டெயின்லெஸ் கேட்டுவிடாதீர்கள், 304 போன்ற ரகத்தைக் காந்தம் பிடிக்காது, சென்சாருக்குப் பல்லே தெரியாது. 150 மி.மீ. விட்டம் எடுத்தால் ஒரு பல்லும் ஒரு இடைவெளியும் சேர்ந்து சுமார் 13 மி.மீ. வரும், தாராளம்.

புல்லியைச் சக்கில் வெளிவிளிம்பைப் பிடித்துக் கடையக் கூடாது. பெல்ட் ஓடி ஓடி விளிம்பு எப்படி இருக்குமோ யாருக்குத் தெரியும்? கிராங்க் நுழையும் துளைக்கு இறுக்கமாக ஒரு மேண்ட்ரல் (தாங்கும் தண்டு) கடைந்து, அதில் புல்லியை ஏற்றி, முகத்தில் 2 மி.மீ. படி எடுங்கள். சக்கரத்தின் நடுத்துளை அந்தப் படியில் கையால் தள்ளினால் உட்கார வேண்டும், ஆடக் கூடாது. அப்புறம் நாலு எம்5 போல்ட். வெல்டிங் வேண்டாம், சூட்டில் கோணிக்கொள்ளும். உங்கள் புல்லி தகட்டில் அழுத்திச் செய்த வகை என்றால் படி எடுக்கச் சதை இருக்காது. அதற்கு நடுவில் தனியாக ஒரு ஹப் கடைந்து போடுங்கள். மாட்டிய பிறகு டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பாருங்கள், 0.2 மி.மீ.க்குள் நின்றால் விட்டுவிடலாம். சென்சாருக்கும் பல்லுக்கும் இடைவெளி முக்கால் மில்லியிலிருந்து ஒரு மில்லி வரை. பிராக்கெட்டை பாடியில் பிடிக்காதீர்கள், எஞ்சின் ரப்பர் மவுண்டில் ஆடும். டைமிங் கவர் போல்டிலேயே 6 மி.மீ. தகடு வைத்துப் பிடியுங்கள்.

புல்லியின் பழைய குறியையும் நம்ப வேண்டாம். பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்தெடுத்து, கூட்டுக்குள் மரை போட்டு ஒரு போல்ட்டைப் பூட்டுங்கள். அதை முதல் சிலிண்டரில் மாட்டி, எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்றினால் பிஸ்டன் போல்ட்டில் முட்டும், அங்கே ஒரு கோடு. எதிர்ப்பக்கம் சுற்றினால் மறுபடி முட்டும், அங்கே ஒரு கோடு. இரண்டுக்கும் நட்டநடுவில்தான் டிடிசி, அதாவது பிஸ்டன் உச்சிக்கு வரும் இடம். மென்பொருளில் அட்வான்ஸை 10 டிகிரியில் பூட்டி, லைட்டில் அதே 10 தெரியும்வரை ட்ரிகர் ஆங்கிளை (இல்லாத பல்லுக்கும் டிடிசிக்கும் உள்ள கோணம்) மாற்றுங்கள். அப்படியே 3,000 ஆர்பிஎம் வரை முறுக்குங்கள். குறி அசையாமல் நிற்க வேண்டும். நகர்ந்தால், காந்தமும் சுருளும் உள்ள விஆர் வகைச் சென்சார் என்றால், அதன் இரண்டு வயரும் மாறியிருக்கும்.

பீளமேடு சர்க்யூட்:

ஐயா சொன்னதோடு எலக்ட்ரிக்கல் பக்கம் கொஞ்சம். முதலில் பாட்டரியின் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று பாருங்கள், பழைய பிரிட்டிஷ் வடிவ வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் உண்டு. விஆரைவிட, காந்தப்புலத்தை நேரடியாக உணரும் ஹால் சென்சாரே நல்லது. காலைக் குளிரில் ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றும்போது விஆரின் சிக்னல் மெலிந்துவிடும், ஹாலுக்கு வேகம் ஒரு பொருட்டில்லை.

வேஸ்டட் ஸ்பார்க், அதாவது இரண்டு சிலிண்டருக்கு ஒரே நேரத்தில் ஸ்பார்க் விழும் முறை என்பதால், 1-4, 2-3 என்று ஜோடியாக இரண்டு காயில் போதும், கேம் சென்சார் வேண்டாம். வெறும் காயிலை அர்டுயினோ காலில் நேராக இணைக்காதீர்கள், நடுவில் காயிலின் மின்சாரத்தைத் திறந்து மூடும் இக்னைட்டர் வேண்டும். 12 வோல்ட்டில் சுமார் 3 மில்லிசெகண்ட் டுவெல் (காயிலில் மின்சாரம் ஏறும் நேரம்) வைத்துத் தொடங்கலாம். பழைய செப்புக் கம்பி பிளக் வயரைக் கழற்றிவிட்டு ரெசிஸ்டர் வயரும் ரெசிஸ்டர் பிளக்கும் போடுங்கள். இல்லாவிட்டால் போர்டு ஓட்டத்திலேயே ரீசெட் ஆகும். சென்சார் வயரின் ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள்.

கோத்தகிரி அம்பி:

ரொம்ப நன்றி ஐயா, நன்றி பீளமேட்டு நண்பரே. சக்கரத்துக்கே போகிறேன். இரண்டு சந்தேகம். டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடுங்கினால் ஆயில் பம்ப் நின்றுவிடுமா? ஸ்பீடுயினோவின் அட்வான்ஸ் டேபிளில் என்ன எண்களைப் போட்டு ஆரம்பிப்பது?

வெலிங்டன் டர்னர்:

சில எஞ்சின்களில் ஒரே தண்டு இரண்டையும் சுற்றும். உங்கள் 1489இல் பம்ப் கேமிலிருந்து தனியாக ஓடுகிறது, பயமில்லை. ஆனாலும் ஏன் பிடுங்க வேண்டும்? அங்கேயே சுற்றட்டும். பழைய காயில், மூடி, வயர்களைப் பையில் கட்டி டிக்கியில் போட்டு வையுங்கள். போர்டு போனால் மாட்டிக்கொண்டு வீடு வரலாம், டாக்ஸித் தம்பிக்கும் திருப்தி.

எண்கள்: ஐட்லிங்கில் 10–12 டிகிரி, ஃபுல் லோடில் 3,000 ஆர்பிஎம்மில் 28 டிகிரிக்கு மேல் போகாதீர்கள், லேசான லோடில் 34 வரை. கல்லாரிலிருந்து பர்லியார் வரை தட்டாமல் ஏறினால் இரண்டு இரண்டாகக் கூட்டலாம். ஊட்டியில் புகை கறுப்பாக வந்தால் இதைக் குறை சொல்லாதீர்கள், அந்த உயரத்தில் கார்புரேட்டர் சுமார் 10 சதவீதம் பெட்ரோலை அதிகமாகத்தான் ஊற்றும். அது வேறு வேலை.

சக்கரத்துக்கு ஆர்டர் கொடுக்குமுன் 150 மி.மீ. வட்டம் ஒன்றை அட்டையில் வெட்டிப் புல்லியில் வைத்துப் பாருங்கள். ஃபேன் பெல்ட்டில் உரசக் கூடாது, ஸ்டார்ட்டிங் ஹேண்டில் நுழைய நடுவில் இடமும் வேண்டும்.