சோமாலிய சிறுபான்மையினருக்கு உதவி: நடுவில் தங்காமல் போய்ச்சேர என்ன வழி?

கொழிஞ்சாம்பாறை அமுதா

வணக்கம் தோழர்களே. கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் பக்கம் அருந்ததியர் குடும்பங்களோடு வேலை செய்கிற சின்னக் குழு எங்களுடையது. தனிக்குவளை, சாதிச் சான்றிதழ், பட்டா இவைதான் அன்றாட வேலை. சோமாலியாவில் தோல் வேலை, கொல்லு வேலை பார்க்கிறவர்களை ஒதுக்கி வைக்கிறார்கள் என்று கூட்டத்தில் பேசியபோது, நம்மால் ஆனதைச் செய்தே ஆகவேண்டும் என்று பெண்கள்தான் முதலில் சொன்னார்கள். கொஞ்சம் பணம் சேரும். யாருக்கு, எந்த வழியாகக் கொடுத்தால் உண்மையிலேயே அவர்கள் கைக்குப் போகும்? பணம் தவிர வேறு என்ன செய்யலாம்?

பாலக்காடு செல்வராஜ்

அமுதாக்கா, முதலில் எல்லோரையும் ஒரே கூட்டமாக நினைக்க வேண்டாம். நீங்கள் சொல்கிற தோல், கொல்லு வேலைக்காரர்கள் மதிபான், துமால், யிபிர், மூசே தெரியோ. வடக்கே இவர்களைச் சேர்த்து கபோயே என்பார்கள். மொழியும் மதமும் மற்றவர்களுடையதுதான். ஆனால் பெண் கொடுக்க மாட்டார்கள், எடுக்க மாட்டார்கள். நம் ஊர் நிலைமைக்கு மிக அருகில் இருப்பவர்கள் இவர்கள்தான்.

ஜூபா, ஷபெல்லே ஆற்றங்கரைகளில் பயிர் செய்யும் பாந்து மக்கள் கதை வேறு. பலருடைய முன்னோர்கள் 19-ஆம் நூற்றாண்டில் இன்றைய தான்சானியா, மலாவி, மொசாம்பிக் பகுதிகளிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். இன்னும் சிலர் அதற்கு முன்பே அங்கே இருந்தவர்கள். முடியையும் முகத்தையும் வைத்தே இவர்களை இழிவாகப் பேசுவார்கள். கடற்கரையில் பெனாதிரி, பாஜூனி மக்கள் தனி.

அதிகாரத்தில் இவர்கள் இடம் என்ன என்பதற்கு 2000-இல் ஜிபூத்தியின் அர்த்தா மாநாட்டில் வந்த நாலரைப் பங்கு ஏற்பாட்டைப் பாருங்கள். தரோத், ஹவியே, திர், ரஹன்வெய்ன் ஆகிய நான்கு பெருங்குலங்களுக்கு ஆளுக்கொரு பங்கு, மிச்சம் அத்தனை பேருக்கும் சேர்த்து அரை. 275 பேர் கீழவையில் அது தலா 61, கடைசியில் 31 என்று பிரிந்தது. 2012 தற்காலிக அரசியல் சட்டத்தின் 11-ஆம் பிரிவு குலம், தொழில், பிறப்பு எதுவானாலும் சமம் என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் அடிதடி, கொலை, நிலத்தகராறு என்று வந்தால் பேசித் தீர்ப்பது ஹீர் எனும் வழக்காற்றுச் சட்டம். ஓர் ஆணைக் கொன்றால் நூறு ஒட்டகம் ஈடு என்பது அதன் கணக்கு. வசூலித்துத் தரப் பின்னால் ஆள்பலம் உள்ள குலம் இல்லாதவருக்கு அந்த ஈடு வருவதே இல்லை.

உதவிப் பொருளும் இதே வழியில்தான் தடைபடுகிறது. தலைநகர் மொகதிசுவில் இடம்பெயர்ந்தோர் முகாம்களில் இடம் கொடுத்தவரின் ஆள் ஒருவர் வாசலில் இருப்பார். பட்டியல் போடுவது அவர், வீடுவீடாகப் பங்கு பிடிப்பதும் அவர். முகாமில் இருப்பவர்களில் பாந்து, ரஹன்வெய்ன் மக்கள் ஏராளம். வாசலில் இருப்பவர் பெரும்பாலும் வேறு குலம். பணம் கைபேசி வழியாக டாலரில் போகிறது: தெற்கே இ.வி.சி. பிளஸ், சோமாலிலாந்தில் ஸாத். அதனால் திருட்டு நின்றுவிடும் என்று நம்பிவிடக் கூடாது. சிம் கார்டே அந்த ஆள் பெயரில் இருந்தால் பணம் நேரே அவரிடம்தான் போகும்.

எந்த அமைப்போடு சேர்ந்தாலும் இதையெல்லாம் எழுத்தில் கேளுங்கள்: பட்டியல் போட்டது யார், நிர்வாகக் குழுவில் சிறுபான்மைப் பெண்கள் எத்தனை பேர், சிம் யார் பெயரில், முகாம் நிலம் யாருடையது, புகார் எண்ணை எடுப்பவர் எந்த மொழி பேசுவார். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஆற்றுப்பகுதியில் மாய் பேசுவார்கள், ஜூபாவில் சிலர் முஷுங்குலி, பாஜூனிகள் சுவாஹிலியின் ஒரு கிளைமொழி. வானொலி அறிவிப்பு வடக்கத்திப் பேச்சில் மட்டும் போனால் இவர்களுக்குப் பதிவு நாளே தெரியாது. மொத்தத் தொகையையும் ஒரே நாளில் கொடுத்தால் மறுநாளே வாடகை என்று பிடுங்கிவிடுவார்கள். சிறு தொகையாக, வெவ்வேறு நாளில் போவது நல்லது.

புதுநகரம் நசீர்

செல்வராஜ் அண்ணன் சொன்னதோடு வங்கிப் பக்கமும் பாருங்கள். எஃப்.சி.ஆர்.ஏ. வெளிநாட்டிலிருந்து வருகிற பணத்துக்கான சட்டம், நீங்கள் அனுப்புவதற்கு அல்ல. தனிநபர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளியே அனுப்ப ரிசர்வ் வங்கியின் திட்டம் இடம் கொடுக்கிறது. பான் எண், ஏ2 படிவம், அதில் நோக்கக் குறியீடு வேண்டும். வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்துக்கு நன்கொடை என்றால் எஸ்1303. 'குடும்பச் செலவு' என்று போட்டுவிடாதீர்கள், பிறகு விளக்கம் கேட்பார்கள்.

அறக்கட்டளைக் கணக்கிலிருந்து அனுப்பாதீர்கள். இந்தியாவுக்கு வெளியே செலவாகும் தொகைக்குப் பொதுவாக வருமானவரி விலக்கு கிடைக்காது, நன்கொடையாளர்களிடம் வேறு காரியத்துக்கு வாங்கிய பணம் என்ற சிக்கலும் உண்டு. சோமாலிய வங்கிக்கு நேரே அனுப்பினால் பெரும்பாலும் இடையிலேயே திரும்பிவிடும். கென்யாவிலோ பிரிட்டனிலோ பதிவான தொண்டு நிறுவனத்தின் கணக்கு என்றால் வேலை நடக்கும். சோமாலியர்கள் உலகம் முழுக்க ஹவாலா கடைகளை நம்பித்தான் வாழ்கிறார்கள், பல நாடுகளில் அது உரிமம் பெற்ற தொழில். இங்கே அது சட்டவிரோதம். யார் சொன்னாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கொழிஞ்சாம்பாறை அமுதா

நன்றி அண்ணா, நன்றி நசீர் தம்பி. கணக்குக் காட்ட, வாங்கியவர்களின் பெயர், குலம், படம் கேட்கலாமா?

பாலக்காடு செல்வராஜ்

வேண்டாம்க்கா. குலம் எழுதிய தாள் தவறான கையில் சிக்கினால் அந்தக் குடும்பத்துக்கே ஆபத்து. 2018-இல் மொகதிசுவில் ஒரு பாந்து இளைஞன் குலம் தாண்டிக் கல்யாணம் செய்ததற்காக அவன் மாமனை எரித்தே கொன்றார்கள். வீட்டு மொழி, பிறந்த மாவட்டம், குடும்பத் தொழில் மூன்றையும் கேட்டாலே சிறுபான்மையினரைச் சென்றடைந்ததா என்று தெரிந்துவிடும். அதையும் பெயரில்லாமல், தொகுப்பு எண்ணாக மட்டும் வாங்குங்கள்.

மீனாட்சிபுரம் கலைச்செல்வி

அமுதா, பணத்தைவிட உங்கள் குழுவுக்குக் கைவந்த வேலை ஆவணப்படுத்துவது. ஐ.நா. மனித உரிமை மன்றம் ஒவ்வொரு நாட்டின் மனித உரிமை நிலையையும் சுற்றுமுறையில் பரிசீலிக்கும் உலகளாவிய காலமுறை ஆய்வுக்கு எந்த நாட்டுக் குழுவும் அறிக்கை தரலாம். தனியாக என்றால் 2,815 சொல், பல அமைப்புகள் சேர்ந்து என்றால் 5,630 சொல். அமர்வுக்குப் பல மாதம் முன்பே கடைசித் தேதி முடிந்துவிடும். சோமாலியக் குழு எழுதட்டும், நீங்கள் கூட்டாகக் கையெழுத்திடுங்கள். நீங்களே எழுதி அவர்கள் பெயரைச் சேர்க்கக் கூடாது.

'பாகுபாட்டை ஒழிக்க வேண்டும்' என்ற பரிந்துரையால் பயனில்லை. 'இடம்பெயர்ந்தோர் உதவிப் பட்டியல்களைச் சமூகவாரியாகச் சரிபார்த்து, இன்ன அமைச்சகம் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்' என்பது போல யார், என்ன, எப்போது என்று எழுதினால்தான் அடுத்த சுற்றில் கேள்வி கேட்க முடியும். இனப்பாகுபாட்டுக்கு எதிரான ஒப்பந்தத்தை சோமாலியா 1975-இலேயே ஏற்றுக்கொண்டது, அதை மேற்கோள் காட்டுங்கள். குறிப்பிட்ட ஒருவருக்கு நடந்த கொடுமை என்றால் சிறுபான்மையினர் பிரச்சினைகளுக்கான சிறப்பு அறிக்கையாளருக்கு இணையப் படிவம் உண்டு. பாதிக்கப்பட்டவர் சம்மதம் இல்லாமல் அதை நிரப்பக் கூடாது.

இங்கேயே ஒரு வேலையும் இருக்கிறது. டெல்லி, ஹைதராபாத்தில் சோமாலிய அகதிகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஐ.நா. அகதிகள் ஆணையம்தான் நேர்காணல் செய்து அந்தஸ்து தீர்மானிக்கிறது. மொழிபெயர்ப்பாளர் பெருங்குலத்தவராக இருந்தால் சிறுபான்மைப் பெண்கள் நடந்ததைச் சொல்லாமல் வாயை மூடிக்கொள்வார்கள், மனுவும் வலுவிழக்கும். வேறு மொழிபெயர்ப்பாளர் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. அந்தக் கோரிக்கையை நேர்காணலுக்கு முன்பே எழுதிக் கொடுக்க உதவுங்கள், நகலில் பெற்றுக்கொண்டதாக முத்திரையும் வாங்கிவிடுங்கள்.