புதுப்பிப்பு: ஜாஸ் கொஞ்சம் பிடிபடுகிறது

போன மாதம், "பாடகி நோரா ஜோன்ஸ் குரல் பிடிக்கிறது, ஆனால் ஜாஸ் இசை தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை, எங்கே தொடங்குவது?" என்று கேட்டிருந்தேன் இல்லையா?

வழி அவரிடமே இருந்தது. 2002இல் வந்த அவருடைய முதல் ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'தி நியர்னெஸ் ஆஃப் யூ'. அதையே பழைய ஜாஸ் பாடகர்களான எலா ஃபிட்ஸ்ஜெரால்டும் லூயி ஆம்ஸ்ட்ராங்கும் 1956இல் சேர்ந்து பாடியிருக்கிறார்கள். தெம்பனீஸிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸ் வரை சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். நோரா பியானோவோடு காதருகே பேசுவதுபோல் பாடுகிறார். லூயியோ மெட்டை வளைக்கிறார், சொல்லைத் தாளத்துக்குச் சற்றுப் பிந்தவிடுகிறார். அட, நம் கர்நாடக சங்கீதத்தில் ஒரே வரியை விதவிதமாக மாற்றிப் பாடும் நிரவல் மாதிரி! (சங்கீதம் தெரிந்தவர்கள் அடிக்க வராதீர்கள்.)

அப்புறம் ஃபிட்ஸ்ஜெரால்ட் 1960இல் பெர்லின் மேடையில் வரி மறந்துபோய், அங்கேயே இட்டுக்கட்டிப் பாடியதைக் கேட்டு ரயிலிலேயே சிரித்துவிட்டேன்.

வெறும் சாக்ஸபோன் ஆல்பம் போட்டால் மட்டும் இன்னும் தூக்கம்தான் வருகிறது.