பேப்பர் ஷீட் செல்லாதுன்னு சட்டம் போட நீங்க யாரு?

பென்சில்முனை (ஜெயநகர்)
நம்ம பெங்களூரு கோரமங்களா ஞாயிறு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி, ஆளுக்கொரு கதாபாத்திரமா பகடை உருட்டி ஆடற கதை விளையாட்டு) குரூப்ல நேத்து ராத்திரி ஒரு அறிவிப்பு. அடுத்த காம்பெயினுக்கு (தொடர்கதை மாதிரி ஓடற ஆட்டத்துக்கு) டி அண்ட் டி பியாண்ட் ஆப்ல போட்ட கேரக்டர் மட்டும்தான் செல்லுமாம். கேரக்டரோட நம்பரை எல்லாம் கையால எழுதின ஷீட்டை "நம்ப முடியாது"ன்னு வேற ஒரு வரி. 1974-ல கைகாக்ஸும் ஆர்னெசனும் இந்த விளையாட்டைக் கொண்டுவந்தப்போ எந்த ஆப் இருந்துச்சு? பேப்பர், பென்சில், பகடை, அவ்வளவுதான். யாரைக் கேட்டு இந்த முடிவு?

வைட்ஃபீல்ட்_விசார்ட்
அறிவிப்பு போட்டது நான்தான் மேடம். காரணம் ஒரே ஒரு நம்பர். 19.
பார்பேரியன், மாங்க்னு ரெண்டு கிளாஸ் (கேரக்டரோட தொழில்) சேர்த்த உங்க ஷீட்ல ஏசி (ஆர்மர் கிளாஸ், எதிரியோட அடி பட எட்ட வேண்டிய நம்பர்) 19ன்னு இருந்துச்சு. ஓகர் அரக்கன் அடிக்க 18 எடுத்துச்சு, "படல"ன்னு சொல்லிட்டீங்க. அதே கேரக்டரை நான் வீட்டுக்குப் போய் ஆப்ல போட்டுப் பார்த்தேன். 17 வருது.

பென்சில்முனை
17 ஏன் வருதுன்னு சொல்லுங்களேன்.

வைட்ஃபீல்ட்_விசார்ட்
ஆப் போடுது. 17. உங்க 19 எங்கிருந்து வந்துச்சு?

பென்சில்முனை
இதைத்தான் சொல்றேன்! ஆப் போடுது, நீங்க வாசிக்கிறீங்க. என் கேரக்டரோட ஒவ்வொரு நம்பரும் எனக்குத் தெரியும். ஆறு திறனுக்கும் 15, 14, 13, 12, 10, 8 எடுத்து, மனுஷ இனம்ங்கறதால எல்லாத்துலயும் ஒண்ணு கூட்டி, டெக்ஸ் (சுறுசுறுப்பு) 16, கான் (உடல் உறுதி) 15, விஸ்டம் (விவேகம்) 14. ஸ்ட்ரெங்த்தை ஏன் 12-ல வெச்சேன் தெரியுமா? ஒண்ணு கூடினா 13. பார்பேரியனோட வேற கிளாஸ் சேர்க்க 13 வேணும். இதை மொட்டைமாடியில உக்காந்து நானே கண்டுபிடிச்சேன். எந்த ஆப்பும் எனக்குப் பச்சை டிக் காட்டல.

அல்சூர்_அம்பு
அக்கா, கணக்கு அழகு. ஆனா அடிப்படை 10 + டெக்ஸ் 16-க்கு 3 + கான் 15-க்கு 2 + கேடயம் 2 = 17தானே. மாங்கோட கணக்குல வர்ற விஸ்டம் 2-ஐயும் கூட்டினாதான் 19. 2014 விதிப் புத்தகத்துல தெளிவா இருக்கு: ஒரு கிளாஸ்ல அன்ஆர்மர்ட் டிஃபென்ஸ் (கவசம் போடாமலே ஏசி கூடற திறன்) கிடைச்சிருந்தா இன்னொரு கிளாஸ்லேருந்து அது திரும்பக் கிடைக்காது. கேடயம் பிடிச்சிருந்தா மாங்கோட மார்ஷியல் ஆர்ட்ஸும் (சண்டைத் திறன்) வேலை செய்யாது.

பென்சில்முனை
பாத்தீங்களா? விளக்கம் சொன்னது புத்தகம் படிச்ச ஆளு. ஆப் இல்ல.

வைட்ஃபீல்ட்_விசார்ட்
சரி, அந்தப் புத்தகத்துப்படி 19 எப்படி?

பென்சில்முனை
என் ஷீட்டை முதல் நாளே டிஎம் (ஆட்டத்தை நடத்தறவர்) கையில குடுத்தேன். அவர் பாத்துட்டுதான் திருப்பிக் குடுத்தார். ஏத்துக்கிட்டதுக்கு அப்புறம் அது டேபிளோட விதி.

டிஎம்_ஃப்ரேசர்டவுன்
என்னை இழுக்காதீங்க. ஷீட்டை வாங்கினேன், உங்க கையெழுத்து புரியல, திருப்பிக் குடுத்துட்டேன். ஏத்துக்கறது வேற.

அல்சூர்_அம்பு
அண்ணா, அப்போ ஓகரை முடிச்சு அக்கா எடுத்த அந்த மந்திர வாள்? 18 பட்டிருந்தா அக்கா கீழ விழுந்திருப்பாங்க. ஓகரை என் கேரக்டர் ரோக் முடிச்சிருப்பான். வாள் எனக்கு வந்திருக்கும். இதை நான் அன்னைக்கே சொன்னேன், யாரும் காதுல வாங்கல.

பென்சில்முனை
வாளுக்காகத்தான் விதி பேசினியா தம்பி? நல்லா இருக்கு.
பேச்சை மாத்தாதீங்க. நான் கேக்கறது இது: அந்த ஆப் நாளைக்கு இருக்குமா? டி அண்ட் டி நாலாவது எடிஷனுக்கு கேரக்டர் பில்டர்னு ஒரு சாஃப்ட்வேர் இருந்துச்சு. முதல்ல கம்ப்யூட்டர்ல இறக்கி வெச்சுக்கலாம். 2010-ல ஆன்லைனுக்கு மாத்தினாங்க, அதுவும் சில்வர்லைட்ங்கற பிரவுசர் பிளக்-இன்ல. 2020 ஜனவரியில மூடிட்டாங்க. அதை நம்பி கேரக்டர் வெச்சிருந்தவங்க கையில என்ன மிச்சம்? 2024 ஆகஸ்ட்ல பியாண்ட்ல என்ன அறிவிச்சாங்க? பழைய மந்திரங்கள், மந்திரப் பொருட்கள் எல்லாம் ஷீட்ல 2024 புத்தகத்தோட புது விதிக்கு மாறிடும், பழசு வேணும்னா நீங்களே ஹோம்ப்ரூவா (சொந்தமா உருவாக்கினதா) எழுதி வெச்சுக்கோங்கன்னு. ஓடிட்டிருக்கிற காம்பெயின் நடுவுல! என் நோட்டுல இருக்கற மந்திரத்தை யாரும் ராத்திரியோட ராத்திரியா மாத்த முடியாது.

வைட்ஃபீல்ட்_விசார்ட்
அந்த அறிவிப்பைச் சில நாள்லயே வாபஸ் வாங்கிட்டாங்க. அதைச் சொல்லாம விட்டுட்டீங்க, 19-ஐச் சொல்லாம விட்ட மாதிரியே.

பென்சில்முனை
ஊரே கத்தினதால வாங்கினாங்க! நம்ம டிஎம் சொந்தமா ஒரு கிளாஸ் எழுதினாரே, அதை உங்க ஆப்ல ஏத்துங்க பாப்போம். சப்கிளாஸ் (கிளாஸோட உட்பிரிவு) வரைக்கும்தான் விடும், முழு கிளாஸுக்கு வழியே கிடையாது. மனுஷன் ராத்திரி முழிச்சு எழுதினதுக்கு ஆப்ல இடமில்ல, என் நோட்டுல ரெண்டு பக்கம் இருக்கு.

பகடை_பாண்டி
ரெண்டு பேரும் நிறுத்துங்க. டிராவலர் ஆடியிருக்கீங்களா? 1977-ல வந்த விளையாட்டு. கேரக்டரை உருவாக்கும்போதே அவன் செத்துப்போகலாம். ஒவ்வொரு நாலு வருஷப் பணிக்கும் பகடை உருட்டி, பிழைச்சானா இல்லையான்னு பாக்கணும். பட்டன் தட்டி அந்த நெஞ்சிடிப்பு வராது.

வைட்ஃபீல்ட்_விசார்ட்
பாண்டி சார், பேசறது டிராவலர் பத்தி இல்ல. ஏசி பத்தி.

பகடை_பாண்டி
எல்லாம் உங்களுக்கு ஏசிதான். வைட்ஃபீல்ட் ஆபீஸ்ல உக்காந்து பழகிடுச்சு.

வைட்ஃபீல்ட்_விசார்ட்
வைட்ஃபீல்டை ஏன் இழுக்கறீங்க? இன்னொண்ணும் சொல்லிடறேன். இந்த குரூப்ல எல்லாரும் ஆப்ல பாக்கற புத்தகங்கள் நான் காசு குடுத்து வாங்கினது. மாஸ்டர் சந்தா என் கார்டுலேருந்து போகுது, அதனாலதான் உங்களுக்குப் பகிர முடியுது. ஒருத்தராவது பங்கு குடுத்தீங்களா?

அல்சூர்_அம்பு
கேட்டா குடுத்திருப்போம் ப்ரோ. இப்போ வந்து சொல்லிக் காட்டாதீங்க.

பென்சில்முனை
என் பென்சில் அவென்யூ ரோட்டுல வாங்கினது. யாருக்கும் கடன் இல்ல. அதனாலதான் எனக்கு யாரும் சட்டம் போட முடியாது. ஞாயித்துக்கிழமை இதே ஷீட்டோட வர்றேன்.

வைட்ஃபீல்ட்_விசார்ட்
வாங்க. 17ன்னு எழுதிட்டு வாங்க.

பென்சில்முனை
நீங்க சொல்லி நான் எழுத மாட்டேன்.

டிஎம்_ஃப்ரேசர்டவுன்
ஞாயித்துக்கிழமை எங்கேன்னே முடிவாகல. கோரமங்களா கஃபேல இனி நாலு மணி நேரம் உக்கார விடமாட்டாங்களாம்.

வைட்ஃபீல்ட்_விசார்ட்
என் ஃப்ளாட்டுக்கு வாங்க. மெட்ரோ பர்ப்பிள் லைன்ல நேரா வரலாம்.

பென்சில்முனை
உங்களுக்கு நேரா. நான் ஜெயநகர்லேருந்து மெஜஸ்டிக் போய் வண்டி மாறி, இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடிக்கு வரணும். அதையும் உங்க ஆப்தான் முடிவு பண்ணுச்சா?

பகடை_பாண்டி
அல்சூர்ல வெச்சா எல்லாருக்கும் நடு.

அல்சூர்_அம்பு
எங்க வீட்டுல பாட்டி இருக்காங்க. சத்தம் போட்டா முடியாது. வாளை எனக்குத் தர்றதா இருந்தா கேட்டுப் பாக்கறேன்.