புதுப்பிப்பு: ஆப்பிள், நாவல்பழ கிரிஸ்ப் நமத்துப் போன பிரச்சினை தீர்ந்தது

ஆப்பிளும் நாவல்பழமும் போட்டுச் செய்த கிரிஸ்ப்பின் (பழத்தின் மேல் ஓட்ஸ், மாவு, வெண்ணெய்க் கலவையைத் தூவி ஓவனில் சுடும் இனிப்பு) அடியில் தண்ணீர் நின்று, மேலே இருந்த ஓட்ஸ் நமத்துப் போனது என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நேற்று பாளையங்கோட்டை மார்க்கெட்டில் பழம் வாங்கி மறுபடி செய்தேன். சரியாக வந்துவிட்டது.

கைகொடுத்தது, பழத்தில் கார்ன்ஃப்ளார் கலக்கச் சொன்ன அக்காவின் யோசனைதான். மூன்று ஆப்பிள், கொட்டை நீக்கிய நாவல்பழம் ஒரு கப், அதற்கு ஒன்றரை மேசைக்கரண்டி. ஆனால் அது மட்டும் போதாது. 180 டிகிரியில் 30 நிமிடத்திலேயே மேலே சிவந்துவிடுகிறது. போன தடவை அப்போதே எடுத்ததுதான் தப்பு. ஓரத்தில் ஊதாச் சாறு கெட்டியாகி, பெரிய குமிழாக மெதுவாக வெடிக்கும்வரை விட வேண்டும். சாறு நன்றாகக் கொதித்தால்தான் கார்ன்ஃப்ளார் இறுகும். எனக்கு 45 நிமிடம் ஆனது. கடைசிப் பத்து நிமிடம் மேலே ஃபாயிலைத் தளர்வாகப் போட்டேன்.

வெண்ணெயை உருக்காமல், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் மாவில் பிசிறச் சொன்ன அண்ணாச்சிக்கும் நன்றி. உதிரி உதிரியாக, மொறுமொறுவென்று நின்றது.

எதிர்பாராதது கருப்பட்டி. மேல்மாவில் துருவிப் போட்டது ஓரத்தில் கருகிவிட்டது. பழத்தோடு கலந்ததோ நாவல்பழத் துவர்ப்பை அழகாக அடக்கியது. அதனால் கருப்பட்டி கீழே, சர்க்கரை மேலே.

அப்புறம், எடுத்த உடனே பரிமாறாதீர்கள். அரை மணி நேரம் ஆறினால்தான் சாறு கரண்டியில் நிற்கும்.