மூணு பீர், ஆறு லார்ஜ்

காட்பாடி பக்கம் ஒரு ஓட்டல் பாரில் ஒன்பது வருஷமாக வேலை. சப்ளையராகச் சேர்ந்தேன், இப்போது கேப்டன். என் தப்பையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

வாரத்தில் இரண்டு நாள் வருகிறவர் ஒருவர், சத்தமே போடமாட்டார், ஓரமாக உட்கார்ந்து ஸ்ட்ராங் பீர் குடித்துவிட்டுப் போவார். அன்றைக்கு மூன்று பாட்டில். பிராந்தி கேட்கிறவர்களைத்தான் எண்ணுவேன், இவரை எண்ணவே இல்லை, பீர்தானே என்று விட்டுவிட்டேன். பாலாற்றுப் பாலம் தாண்டுவதற்குள் பைக்கோடு விழுந்து தோள்பட்டை எலும்பு உடைந்துவிட்டது.

அப்புறம்தான் கணக்குப் போட்டேன். பாட்டில் 650 மி.லி., லேபிளில் 8% வரை என்று இருக்கும், அப்படியானால் உள்ளே 52 மி.லி. ஆல்கஹால். 42.8% பிராந்தி ஒரு லார்ஜ், அதாவது 60 மி.லி., அதில் 26 கூட வராது. ஆக ஒரு ஸ்ட்ராங் பீர் இரண்டு லார்ஜ். ஆறு லார்ஜ் போட்ட ஆளை "பாத்துப் போங்கண்ணா" என்று சொல்லி வாசல் வரை வந்து அனுப்பியிருக்கிறேன். இன்றைக்கும் மனசு அறுக்கிறது.

போன மாதம் குடியாத்தத்திலிருந்து ஒருவர் நண்பரோடு பைக்கில் வந்தார். வெறும் வயிற்றில், நாற்பது நிமிஷத்தில் மூன்று லார்ஜ். நாலாவது கேட்கும்போது பேச்சு தெளிவாகத்தான் இருந்தது, ஆனால் வேர்க்கடலை எடுக்கப்போன விரல் தட்டை விட்டுவிட்டு மேஜையைத் தேய்த்தது, இரண்டு தடவை. தண்ணீரும் ஒரு டபுள் ஆம்லெட்டும் வைத்து, "சூடா இருக்குது, சாப்டுங்கண்ணா, அப்புறம் பாக்கலாம்" என்றேன். கொஞ்ச நேரத்தில் கத்த ஆரம்பித்துவிட்டார். "காசு குடுத்துதான குடிக்கிறேன், நீ யாரு நிறுத்தறதுக்கு?" நாலு பேர் எதிரில் பதில் சொன்னால் ரோஷம்தான் ஏறும், அதனால் குனிந்து அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினேன்: "வூட்ல எதிர்பாத்துக்கினு இருப்பாங்கண்ணா, இன்னைக்கு இது போதும்." கூட வந்தவர் இரண்டோடு நிறுத்தியிருந்தார். அவரைத் தனியாகக் கூப்பிட்டு வண்டிச் சாவியை வாங்கித் தரச் சொன்னேன். அந்த நண்பரோ, தானே ஓட்டுகிறேன், ஒரு காபி குடித்தால் இறங்கிவிடும் என்றார். இறங்காது, தூக்கம் வேண்டுமானால் போகும், போதை இறங்க நேரம்தான் ஆக வேண்டும். வண்டி ஓட்டுகிறவருக்கு 100 மி.லி. ரத்தத்தில் ஆல்கஹால் 30 மி.கி. தாண்டினாலே கேஸ், முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாசம் வரை ஜெயிலோ, இரண்டுமோ என்று சொன்னதும்தான் அடங்கினார். ஆட்டோ வைத்து இருவரையும் அனுப்பினோம்.

காலேஜ் பசங்க விஷயத்தில் நான் இறங்கி வரவே மாட்டேன். தமிழ்நாட்டில் 21 வயசு. போனில் ஆதார் போட்டோ காட்டினால், ஒரிஜினல் எடுத்துக்கினு வா தம்பி என்றுதான் சொல்வேன். கும்பலில் ஒருத்தனுக்கு வயசு குறைவு என்றாலும் அந்த டேபிளுக்கே கிடையாது, கிளாஸ் கை மாற எவ்வளவு நேரம் ஆகும்?

இதிலெல்லாம் பில் குறைகிறது என்று ஆபீஸில் முனகல் இருக்கத்தான் செய்கிறது. இருக்கட்டும்.

குடியாத்தத்துக்காரர் மறுநாள் பதினோரு மணிக்கு மச்சானோடு சாவி வாங்க வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கல்லாவில் நின்று, ராத்திரி ஆட்டோவுக்கு நாங்கள் கொடுத்த பணம் எவ்வளவு என்று கேட்டு, எண்ணி வைத்துவிட்டுப் போனார்.